முகத்தைக் காட்டினால் என்ன கெடும்? கார்ட்டூன் உத்திகளுக்குத் தமிழில் பெயர் வைப்பது பற்றி

கேள்வி: பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய கார்ட்டூன் ஒன்றைப் போட்டுக் காட்டி, அதைப் பற்றிப் பேசுவோம். கதைகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயங்களுக்குத் தமிழில் பெயர் வைத்து ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். போன வாரம் ஒரு தகராறு. 'டாம் அண்ட் ஜெரி'யில் வீட்டுக்கார அம்மாவுக்குக் கால் மட்டும்தான் தெரியும். 'கௌ அண்ட் சிக்கன்' அப்பா அம்மாவுக்கும் அப்படித்தான். 'இன்ஸ்பெக்டர் காட்ஜெட்' வில்லனுக்குக் கை மட்டும். ஒரு மாணவி மூன்றையும் 'முகம் காட்டாதவர்' என்று ஒரே பக்கத்தில் எழுதிவிட்டாள். மூன்றும் வேறு வேறு என்கிறான் இன்னொருவன். யார் சொல்வது சரி? எதை ஓர் உத்தி என்று கணக்கில் எடுப்பது, அதற்குப் பெயர் வைப்பது எப்படி?

பதில்: பையன் சொல்வது சரி. ஆனால் பாதி வேலையை முடித்துக் கொடுத்தவள் அந்தப் பெண்தான். வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆட்கள் செய்த மூன்று படங்களுக்குள் பொதுவாக ஒன்று ஓடுகிறது என்று கவனித்தாளே, அந்தக் கண் இல்லாவிட்டால் பையனுக்குப் பிரித்துப் பார்க்க எதுவுமே கிடைத்திருக்காது. அதை அவளிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: முகத்தைக் காட்டினால் கதையில் என்ன கெடும்?

'டாம் அண்ட் ஜெரி'யை எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக 1940இல் செய்த முதல் படத்திலேயே அந்த அம்மா இருக்கிறார். அப்போது பூனைக்கு டாம் என்ற பெயர்கூட வரவில்லை, ஜாஸ்பர் என்றுதான் கூப்பிடுவார். இன்னும் ஒரு பொருளை உடைத்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று மிரட்டுவார். அந்த மிரட்டல் மேலேயிருந்து வருகிறது. நாம் பூனையின் உயரத்தில் நின்று செருப்பையும் பாவாடை ஓரத்தையும் துடைப்பத்தையும் பார்க்கிறோம். முகம் தெரிந்தால் அவர் கதையின் மூன்றாவது ஆளாகிவிடுவார். கோபமா, களைப்பா, உள்ளுக்குள் சிரிக்கிறாரா என்று நம் கவனம் அங்கே போய்விடும். பூனையும் எலியும் மட்டுமே உள்ள உலகம் கலைந்துவிடும். ஆக, முகத்தை மறைப்பது இங்கே நம்மைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறது. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'தரைமட்டப் பார்வை'.

'இன்ஸ்பெக்டர் காட்ஜெட்' 1983இல் வந்தது. டாக்டர் கிளாவின் உலோகக் கையுறை, நாற்காலியின் முதுகு, மேசை மேல் பூனை, அந்தக் கரகரத்த குரல், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும். 1960களின் ஜேம்ஸ் பாண்ட் படங்களில் முகம் காட்டாமல் வெள்ளைப் பூனையைத் தடவிக்கொண்டிருப்பானே ஒரு வில்லன், அவன் வழியில் வந்தவன் இவன். இங்கே முகத்தைக் காட்டினால் பயம் போய்விடும். இவன் யாராக இருப்பான் என்ற குறுகுறுப்பும் சேர்ந்து போய்விடும். வேலை வேறு, ஆகவே பக்கமும் வேறு. 'மறைந்திருந்து ஆட்டுவித்தல்' என்று எழுதலாம்.

'கௌ அண்ட் சிக்கன்' 1997இல் வந்தது. அந்த அப்பா அம்மாவுக்கு இடுப்புக்கு மேல் ஒன்றுமே கிடையாது! கேமரா மறைக்கவில்லை, உடம்பே அவ்வளவுதான். 'பெரியவர்களுக்குக் கால் மட்டும்' என்ற பழைய வழக்கத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள், அதை அப்படியே நிஜமாக்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று விளையாடியிருக்கிறார்கள். இது முதல் வகையின் கேலி. முதல் வகைப் பக்கத்திலேயே கீழே ஒரு கோடு போட்டு எழுதுங்கள். ஒன்றைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்றால், அது எல்லோருக்கும் பழகிப்போன உத்தி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் பலன் உண்டு. தோற்றம் வேறாக இருந்து, வேலை ஒன்றாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன. சார்லி பிரவுன் வருகிற 'பீனட்ஸ்' தொலைக்காட்சிப் படங்களில் பெரியவர்களுக்குக் கால்கூடக் கிடையாது. 1967 முதல் ஆசிரியையின் பேச்சு டிராம்போன் வாத்தியத்தின் 'வா வா' ஒலியாக வரும். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் செய்கிற வேலை என்ன? பெரியவர்களை ஓரத்தில் நிறுத்தி, சிறுவர்களின் உயரத்திலேயே நம்மை வைத்திருப்பது. படத்தில் ஒன்றுமே ஒத்துப்போகாவிட்டாலும் இது 'தரைமட்டப் பார்வை' பக்கத்தில்தான் சேர வேண்டும். பிள்ளைகள் இதை ஒத்துக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். விவாதிக்க விடுங்கள்.

'டாம் அண்ட் ஜெரி' பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா வீட்டுக்காரர் போல நடந்துகொண்டாலும், வரையப்பட்டிருப்பது கறுப்பினப் பணிப்பெண்ணாக. அவருடைய பேச்சும் உருவமும் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களைச் சமையலறைக்குள் மட்டுமே கற்பனை செய்த ஒரு பழைய வார்ப்பிலிருந்து வந்தவை. அதற்கு அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு கிளம்பியது. 1952க்குப் பிறகு அந்தப் பாத்திரம் வரவில்லை. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவரை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்து, குரலையும் மாற்றினார்கள். வெடி வெடித்ததும் முகம் கறுத்து, உதடு தடித்துத் தெரிகிற காட்சியும் இதே வேரிலிருந்து வருவதுதான்: வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடை நிகழ்ச்சிகள். நம் பிள்ளைகளுக்கு இது 'புகைபிடித்த முகம்' என்று மட்டுமே தெரியும், சிரித்துவிட்டுப் போவார்கள். ஆறாம் வகுப்புக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று நாலு வரியில் சொன்னால் புரிந்துகொள்கிற வயதுதான். இதற்குத் தனிப் பக்கம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எதை உத்தி என்று எண்ணுவது? ஒரே தொடருக்குள் மட்டும் திரும்ப வருவதை நான் எண்ணமாட்டேன். 'குள்ளநரி திருடக்கூடாது' என்று டோரா சொல்வது உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த வாக்கியம் டோராவின் சொந்தப் பல்லவி, அதை நோட்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் அதை ஏன் மூன்று தடவை சொல்கிறாள்? அவள் வழி கேட்கிற வரைபடம் ஏன் பெரும்பாலும் மூன்று இடங்களைக் காட்டுகிறது? முதல் தடவை அறிமுகம், இரண்டாவது பழக்கம், மூன்றாவதில் பலன். இது மூன்று பன்றிக்குட்டிகள் கதையிலும் உண்டு, எண்ணற்ற நாட்டுப்புறக் கதைகளிலும் உண்டு. 'மூன்றாம் முறை பலித்தல்' என்று இதைத் தாராளமாக எழுதலாம். என் கணக்கு எளிது: வேறு வேறு ஆட்கள் செய்த மூன்று படைப்புகளில் ஒன்றைக் காட்ட முடிந்தால் அது நோட்டுக்குள் வரலாம். அதுவரை பென்சிலில் எழுதி வைக்கலாம்.

பிள்ளைகள் ஒரே உத்தி என்று நினைப்பது பல நேரம் நாலைந்தின் கோவையாக இருக்கும். 'ரோட் ரன்னர்' படங்களில் மலை விளிம்பைத் தாண்டி ஓடும் கயோட்டியை, அதாவது ரோட் ரன்னர் பறவையைத் துரத்துகிற ஓநாய் போன்ற விலங்கைப் பாருங்கள். சக் ஜோன்ஸ் இயக்கி மைக்கேல் மால்டீஸ் கதை எழுதிய முதல் படம் 1949இல் வந்தது. கயோட்டி ஓடுகிறான், கீழே தரை இல்லை, ஆனாலும் விழவில்லை. நிற்கிறான். காலால் துழாவுகிறான். குனிந்து பார்க்கிறான். அப்புறம் நம்மைப் பார்க்கிறான், பாவமாக. பிறகுதான் விழுகிறான். கேமரா மேலேயிருந்து பார்க்க, ஒரு புள்ளியாகச் சிறுத்து, அடியில் மெல்லப் புழுதி கிளம்புகிறது.

பிரித்துப் பாருங்கள். தெரிந்துகொண்டால்தான் விழுவான் என்பது ஒன்று. எழுத்தாளர் மார்க் ஓ'டானல் 1980இல் கார்ட்டூன் இயக்க விதிகள் என்று வேடிக்கையாக ஒரு பட்டியல் எழுதினார். அதன் முதல் விதியே இதுதான்: அந்தரத்தில் நிற்கும் உடல், தன் நிலைமையை உணரும்வரை அந்தரத்திலேயே நிற்கும். விழுமுன் நம் கண்ணைப் பார்ப்பது இன்னொன்று. அது விழாத காட்சிகளிலும் வரும், நம்மைக் கூட்டாளியாக்கிக்கொள்ளும். தொலைதூரப் புழுதி மூன்றாவது. அடிபட்டதைக் காட்டாமல் அடிபட்டதைச் சொல்லிவிடும், வலி தெரியாமல் சிரிக்கவைக்கும். இதற்கெல்லாம் முன்னால், ஆக்மி என்ற கற்பனைக் கம்பெனியில் பொருள் வாங்கி அவனே வைத்த பொறி அவனையே தள்ளியிருக்கும். அதற்குப் பெயர் தேடவே வேண்டாம், 'தான் வெட்டிய குழியில் தானே விழுதல்' என்று தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. நாலுக்கும் நாலு பக்கம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் அவை தனித்தனி உத்திகள்தான்.

கதையிலிருந்து வராமல் பட்டறையிலிருந்து வந்தவையும் இருக்கின்றன. பழைய படங்களில் பத்துக் கற்களில் ஒன்று மட்டும் சற்று வெளிறித் தெரியும், அதுதான் உருளப்போகிறது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். பின்னணியைத் தாளில் சாயம் குழைத்துத் தீட்டுவார்கள், அசையும் பொருளைத் தனியாக செல்லுலாய்டு தாளில் தட்டையாகப் பூசுவார்கள், இரண்டும் ஒட்டாது. 1958இல் வந்த யோகி கரடி சட்டையே இல்லாமல் காலரும் டையும் மட்டும் கட்டியிருப்பதும் இப்படித்தான். உடம்பு ஒரு தாளில் அசையாமல் இருக்க, தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் செலவு மிச்சம். ஒட்டு தெரியாமல் காலர் மறைத்துவிடும். இவற்றை நோட்டின் பின்பக்கத்தில் 'பட்டறை வழக்கம்' என்று எழுதச் சொல்லுங்கள். கதை உத்தியோடு கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இனி பெயர். இங்கே தமிழ் ஆசிரியர்கள் உங்களுக்குப் பெரிய உதவி செய்வார்கள், ஏனென்றால் இந்த வேலை நமக்குப் புதிதில்லை. சங்கப் பாடல்களுக்குத் துறை வகுத்தார்களே, அது வேறென்ன? உடன்போக்கு, மடலேறுதல், வெறியாட்டு, அறத்தொடு நிற்றல். திரும்பத் திரும்ப வரும் ஒரு சூழலை அடையாளம் கண்டு, ஒன்றிரண்டு சொல்லில் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் ஒரு தலைவன் பெயரோ தலைவி பெயரோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பெயரை எடுத்துவிட்டால் செயல் மிஞ்சும். எனக்குத் தெரிந்தவரை இதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

அதனால் 'கயோட்டி விழுதல்' என்று எழுதாதீர்கள். அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் சத்தம். 'உணர்ந்தபின் விழுதல்' என்றால் பார்க்காதவனுக்கும் பாதி புரியும், வேறு படத்தில் பார்த்ததும் 'அட, இதுதானே அது!' என்பான். ஆங்கிலப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவதும் வேண்டாம். அந்தப் பெயர்களில் பாதி அவர்கள் ஊர் சினிமாவையோ பேச்சு வழக்கையோ நம்பி நிற்பவை, நம் பிள்ளைகள் வாயில் ஒட்டாது. 'தேய்வழக்கு', அதாவது சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது, என்ற சொல்லையும் தலைப்பில் போடாதீர்கள். அது தீர்ப்பு. ஓர் உத்தி தேய்ந்துவிட்டதா, இன்னும் வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு படத்திலும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் விளையாட்டாக இருந்தால் தப்பில்லை. அமெரிக்கச் சித்திரக்காரர் மோர்ட் வாக்கர், காமிக்ஸில் கோபத்துக்கு வரைகிற கிறுக்கல் வசவுக்கும், பதற்றத்தில் தெறிக்கும் வியர்வைத் துளிக்கும், ஓடிய இடத்தில் நிற்கும் புழுதிக்கும் தனித்தனிப் பெயர்களைத் தமாஷாக உண்டாக்கி 1980இல் புத்தகமாகவே போட்டார். தமாஷ் போய்ப் பெயர்கள் நிலைத்துவிட்டன, சித்திரக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பிள்ளைகள் வைக்கும் பெயருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கு 'ஸ்கூபி டூ' போடுங்கள் என்பேன். 1969 முதல் தொடரில் எந்தப் பேயின் முகமூடியைக் கழற்றினாலும் உள்ளே ஒரு சாதாரண ஆள்தான், பெரும்பாலும் பணத்துக்கோ நிலத்துக்கோ ஆசைப்பட்டவன். 'பேயும் ஆள்தான்' என்று பெயர் வைத்து எழுதவிட்டு, அதன் பிறகு 1998இல் வந்த ஸ்கூபி டூ ஜாம்பி தீவுப் படத்தின் கதையைச் சொல்லுங்கள். முகமூடி என்று நினைத்து ஜாம்பியின் தலையைப் பிடித்து இழுக்கிறார்கள், அது நிஜ ஜாம்பி. இதை அதே பக்கத்தில் எழுதுவதா, புதுப் பக்கமா என்று அந்தப் பெண்ணையும் பையனையும் சேர்ந்து முடிவு செய்யச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வி இருவருக்கும் இப்போது தெரியும்.