குவியலை அழித்துவிட்டு ஒரு குரலைக் கேளுங்கள்

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். போகவும் வரவும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கழிகிறது. மனதை நிதானப்படுத்துமென்று பலரும் அனுப்பிய காணொளிகளும் நூல்களும் கைத்தொலைபேசியில் நிரம்பிக் கிடக்கின்றன, ஒன்றையும் முடித்ததில்லை. அண்மையில் வந்தவற்றில் எதைத் தொடங்கலாம்? ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் மெதுவாகத்தான்.

பதில்: முதலில் அந்தக் குவியலை அழித்துவிடுங்கள். நிதானத்தைப் பற்றி நாற்பது காணொளிகளைச் சேர்த்து வைப்பதும் ஒருவகைப் பரபரப்புதான்.

வாசிக்க ஆங்கில எழுத்தாளர் ஆலிவர் பர்க்மன் 2024இல் வெளியிட்ட ‘மெடிடேஷன்ஸ் ஃபார் மோர்ட்டல்ஸ்’ போதும். தலைப்பில் தியானம் இருக்கிறதென்று நம்பிச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அதில் மூச்சுப் பயிற்சி தேடினால் ஏமாற்றமே. எல்லா வேலையும் முடியட்டும், பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று காத்திருப்பவர்களிடம், அந்த நாள் வரப்போவதில்லை என்று சொல்கிற நூல் அது. நாளுக்கொன்றாக 28 சிறு அத்தியாயங்கள். மெதுவாக வாசிப்பவருக்கென்றே வகுத்ததுபோல் இருக்கிறது. பஸ்ஸில் மட்டும் வேண்டாம், நம் வளைவுகளில் தலைசுற்றும்.

பஸ் கேட்பதற்கான இடம். நீங்கள் புதியதைக் கேட்டீர்கள். நான் பழைய குரலொன்றைத் தருகிறேன். கண்டியில் நூலகராக இருந்த கொட்வின் சமரரத்ன, கலஹாப் பக்கம் தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் நிலம்பே தியான நிலையத்தில் பல ஆண்டுகள் கற்பித்து, 2000இல் மறைந்தார். அவருடைய ஆங்கில உரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவசரமில்லாத, எளிய ஆங்கிலம். கோபமோ பயமோ வந்தால் விரட்டாமல் நண்பரைப்போல் பழகிப் பாருங்கள் என்பார். வீட்டிலேயே ஓர் உரையைப் பதிவிறக்கிக்கொண்டு, வாரம் முழுவதும் அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். கண்ணை மூடி அமரும்போது பதற்றம் கூடினால் நிறுத்திவிடலாம். உறக்கமே கெட்டுப் போயிருந்தால் உரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஒரு விடுமுறை நாளில் இயக்குநர் விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ பாருங்கள். 2023இல் வந்த படம். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைக் கழுவும் ஒருவரின் நாட்கள். இரண்டு மணி நேரத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. கண்ணுக்கு எட்டாத விளிம்பைக்கூட அவர் சிறு கண்ணாடி பிடித்துப் பார்த்துத் துடைக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனாலும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கு ஒரு முறுகல் உண்டு: கூலி போதுமா என்ற கேள்வியைப் படம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மன அமைதியைக் காட்டிக் கூலியைக் குறைக்க யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவுங்கள் என்று வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் எழுதியிருக்கிறார். அதை வாசித்ததும் பீலிக்கரையில் சாம்பலும் தேங்காய்த் தும்புமாகக் குடம் துலக்கிய என் அம்மாயி நினைவுக்கு வந்தார். ஆனால் அம்மாயி அவசரமாகத்தான் துலக்குவார், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிடும். ஆகவே எல்லாப் பாத்திரத்தையும் அப்படிக் கழுவச் சொல்லமாட்டேன். இன்றிரவு சோற்றுப் பானையை மட்டும் கழுவிப் பாருங்கள், மற்றவை வழக்கம்போல.