‘மனமில்லாமல் விற்கிறோம்’: யாருக்கு மனமில்லை?

கேள்வி: அப்பாவுக்கு வயது 79. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கிலாந்தின் கவென்ட்ரியில் குடியேறியவர். 1992இல் பழைய எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) ஒன்றை வாங்கினார். 1971ஆம் ஆண்டு வண்டி, கரும்பச்சை நிறம், இரண்டு இருக்கை. பார்வை குறைந்ததால் இரண்டு வருடமாக அவர் ஓட்டுவதில்லை. கராஜை அடைத்துக்கொண்டு நிற்கிறது, செலவு வேறு. அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது படம் எடுத்து விளம்பரம் போட்டேன். எல்லோரும் போடுவதுபோல ‘மனமில்லாமல் விற்கிறோம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். பார்க்க வந்தவர் கதவுக்குக் கீழே துரு என்று விலையைக் குறைக்கிறார். லெஸ்டரில் இருக்கும் அக்கா போனில் கத்துகிறார். விலையைக் குறைக்கலாமா? அக்காவை எப்படிச் சமாளிப்பது?
— பெயர் வேண்டாம், கவென்ட்ரி

பதில்: தம்பி, காணி, நகை, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு என்று இந்தக் கடிதம் பல வேடத்தில் எனக்கு வந்திருக்கிறது. இந்தத் தடவை கார் வேடம்.

அந்த விளம்பர வரிக்கு வருகிறேன். ‘விற்கிறேன்’ என்றுகூட இல்லை, ‘விற்கிறோம்’. அதில் யார் யார் அடக்கம்? உங்களுக்கு மனமில்லாமல் இல்லை. கராஜை அடைக்கிறது என்பதற்கு மேல் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஒன்றுமில்லை. அக்காவைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இப்போது கத்தமாட்டார். அப்பாவிடம் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் காணோம். கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் படம் எடுத்தவர் கேட்டிருக்கவும் மாட்டார். ஆக, அப்பாவின் வருத்தத்தை அவருக்கே தெரியாமல் எடுத்து, வண்டிக்கு ஒரு மெருகாகப் பூசியிருக்கிறீர்கள். காரை விற்க நினைத்ததைவிட இதுதான் எனக்குக் கோபம்.

இரண்டு இருக்கை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, யோசித்துப் பார்த்தீர்களா? வீட்டில் நீங்களும் அக்காவும் இருக்க, ஒரு மனிதர் இரண்டே பேர் உட்காரும் கார் வாங்குகிறார் என்றால் அது குடும்பத்துக்காக வாங்கியது இல்லை. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பழைய ஆஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்தவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுவாகக்கூட இருக்கலாம். பெற்றவர் உயிரோடு இருக்கும்போது அவர் பொருளை அவர் வாயால் சொல்லாமல் விற்பது திருட்டு. பழைய காலத்து ஆள் என்று என்னைச் சொல்லுங்கள், பரவாயில்லை. வண்டிப் பதிவுத் தாளான லாக் புக்கைக் காட்டி வாதாட வேண்டாம். அதில் பெயர் இருப்பது உரிமைக்குச் சாட்சி ஆகாது என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. 1992இல் காசு கொடுத்தது யார்?

செலவு என்கிறீர்கள். நாற்பது வயது தாண்டிய வண்டியை அதற்குரிய வகையில் பதிந்துவிட்டால் உங்கள் நாட்டில் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிக்கு வருடாந்தர எம்.ஓ.டி. தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. மிச்சம் இன்சூரன்ஸ்தான். உங்களுக்கு வேண்டியது கராஜ் என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.

துரு விஷயத்தில், வந்தவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) இல்லை. கூரையில்லாத அந்த உடம்பைத் தாங்குவதில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற இரும்புப் பகுதிக்குத்தான். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு போய், பட்டி பூசியிருக்கிறது. கதவின் இடைவெளி மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் நடு உடம்பே தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். சரிசெய்ய முடியாதது இல்லை. முழு உடம்பையே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அபூர்வ வண்டி என்று விலையை ஏற்றவும் முடியாது. 1962 முதல் 1980 வரை, கூரை போட்ட கூபே வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார். ஆனால் விலை பேசும் உரிமையே உங்களுக்கு இன்னும் வரவில்லையே.

அக்காவுக்கும் ஒன்று. லெஸ்டரிலிருந்து கவென்ட்ரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்த இரண்டு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வந்து, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் காரை ஓட்டினாரா? போனில் கத்துவதற்குப் பெட்ரோல் வேண்டாம்.

முதலில் விளம்பரத்தை எடுங்கள். டேங்கில் கிடக்கும் இரண்டு வருடப் பெட்ரோலை வடித்துவிட்டு, எத்தனால் குறைவாகக் கலந்த இ5 பெட்ரோல் ஊற்றுங்கள். சாதாரண பம்பில் வரும், எத்தனால் கூடிய இ10 பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. பேட்டரி, பிரேக்கையெல்லாம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அப்புறம் அப்பாவை இடப்பக்கம் உட்கார வைத்து, எப்படி ஸ்டார்ட் செய்வது என்று அவரையே கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் சத்தம் அடங்கும். அதுவரை பொறு, பிறகு சோக்கை இழு என்பார். ஒரு சுற்று போய்விட்டு வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விஷயத்தைக் கேளுங்கள்.

‘வித்துப்போடு’ என்றால் துருவையும் சொல்லி விற்றுவிடுங்கள், நான் தடுக்கமாட்டேன். பூஜை அறையில் மாட்டிவைக்க அது சாமி படம் இல்லை. வருகிற காசு அவர் கணக்குக்குப் போகட்டும். வேண்டாம் என்றால் கராஜ் காத்திருக்கும். கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்ததையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். அக்கா சொல்லி அவருக்குத் தெரியவரக் கூடாது.