கைப்பிடி அரிசி, கஞ்சி, காலணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 20 வீடுகளில் கைப்பிடி அரிசி, அதாவது உலை வைக்கும்போது காணிக்கையாக ஒரு பிடி, எடுத்து வைக்கிறோம். அதை ஏலம் விட்டுப் பணமாக்காமல், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சியாகவே கொடுக்க ஆசை. கட்டுப்படியாகுமா?
– வாசகி, காட்பாடி

பதில்: தாராளமாக ஆகும். ஒரு பிடி சுமார் 45 கிராம். இரு வேளை உலை வைக்கும்போதும் எடுத்தால் மாதம் வீட்டுக்கு 2.7 கிலோ, 20 வீட்டுக்கு 54 கிலோ. 60 பேருக்குக் கஞ்சி காய்ச்ச இரண்டரை கிலோ அரிசி போதும். வாரம் ஒருமுறை காய்ச்சினால் முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சும்.

சிக்கல் அரிசியில்தான். ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் ரேஷன் புழுங்கல். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டினால் பச்சரிசி குழைந்துபோகும், புழுங்கல் நறுக்கென்று நிற்கும். பச்சைக்கு ஒரு டப்பா, புழுங்கலுக்கு ஒரு டப்பா என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாங்கிவிடுங்கள்; வீட்டில் கிடந்தால் வண்டு விழும். வண்டுக்குக் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போதும், பூச்சி மாத்திரை வேண்டாம்.

அளவு: ரவையாக உடைத்த பச்சரிசி இரண்டரை கிலோ, வறுத்த பாசிப்பருப்பு அரை கிலோ, பூண்டு 100 கிராம், கொஞ்சம் சீரகம், வெந்தயம், தண்ணீர் 22 லிட்டர். பருப்பு அடிப்பிடிக்கும், கொதி வந்ததும் தணலைக் குறைத்து, கை ஓயாமல் கிண்டுங்கள். ஆறினால் இறுகும், ஆகவே கொதிநீர் 3 லிட்டர் தனியே கொண்டுபோங்கள். மோர் சேர்ப்பதானால் கஞ்சி காய்ச்சும் இடத்திலேயே ஊற்றிவிடக் கூடாது, சூட்டில் திரிந்துவிடும். தேங்காய்த் துவையல் வேலூர் வெயிலுக்குத் தாங்காது, கொள்ளுத் துவையல் தாங்கும். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள். நோயாளிக்குக் கொடுக்காதீர்கள், சிறுநீரகக்காரருக்கு உப்பும் தண்ணீரும்கூட டாக்டர் சொன்ன அளவுதான். துணைக்கு வந்தவருக்கு மட்டும். இலவசமாகப் போட்டாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று: வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளத்தாரும் வடகிழக்கு மாநிலத்தாரும் நிறைய. லாட்ஜில் அறை எடுத்து அவர்களே சமைத்துக்கொள்கிறார்கள். நம்முடைய கஞ்சியை மரியாதைக்கு வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் புழுங்கலரிசி ஒரு கிலோ, மைசூர்ப் பருப்பு கால் கிலோ, கொஞ்சம் கடுகெண்ணெய் கொடுத்துப் பாருங்கள். மிஞ்சுகிற அரிசிக்கு இதுவே வழி. எதைக் கொடுப்பதென்று வாங்குகிறவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்கிறது வேதம். அப்படியிருக்க நோட்டில் கணக்கு எழுதலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: எழுதியே ஆக வேண்டும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தில் யாரும் குறை சொல்லக் கூடாதென்று பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). அந்தரங்கமாக இருக்க வேண்டியது கொடுத்தவர் பெயர், தொகை அல்ல. வரவு செலவை மாதாமாதம் சபையில் வாசியுங்கள், பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. தட்டு நீட்டியவரைப் போட்டோ பிடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எளிமைக்கு நம் வட்டாரத்தில் முன்மாதிரி உண்டா?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் 1921-ல் டாக்டர் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து டாக்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். கதர் உடுத்தி வைத்தியம் பார்த்தார்கள். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே கூப்பிட்டார்கள். ஜெபாலயம்கூடத் திராவிடக் கோயில் பாணிதான்.

கேள்வி: ஆம்பூரில் செருப்புக் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். தொழுநோய் குணமானவர்களுக்கு 20 ஜோடி புதுத் தோல் செருப்பு கொடுக்கலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: அப்படியே கொடுக்காதீர்கள். நோய் குணமானாலும் பாதத்தில் உணர்ச்சி திரும்பாமல் போகலாம். ஆணி குத்தினாலும் தெரியாது. நடந்து நடந்து புண்ணாகி, எலும்புவரை போய்விடும். இவர்களுக்கு வேண்டியது எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறையப் பாதி கனத்துக்கு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி கூடவே கூடாது, தையலும் பசையும்தான். உணர்ச்சியற்ற கால் செருப்பைப் பிடித்துக்கொள்ளாது, ஆகவே பின்வாரும் வேண்டும். இவர்களுக்கென்றே 1955-ல் ஏற்பட்ட கரிகிரி மருத்துவமனை வேலூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கேட்டு, ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்துச் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த தையல் வேலை அங்கே உதவும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, பாதம் எங்காவது சிவந்திருக்கிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்த இடத்து வாரைத் தளர்த்துங்கள். ரப்பர் தட்டையாகிவிட்டால் மாற்ற வேண்டும். ஆகவே 20 ஜோடிக்கான பணத்தில் 10 பேருக்கு இரண்டு தடவை என்று கணக்குப் போடுங்கள்.