சம்பளத்தைத் துப்புத் துலக்காதே, எழுதிக் கேள்

மக்களே (ஒரே ஆளையும் இப்படிக் கூப்பிடுவது நம் விளவங்கோட்டுப் பக்கத்து வழக்கம், கனடாவில் பிராம்டனுக்குப் போனதும் மறந்திருக்க மாட்டாய்), விடுமுறைக்கு மார்த்தாண்டம் வந்திருக்கிறேன். நேற்று உன் அம்மா கருங்கலிலிருந்து பஸ் ஏறி வந்து, நீ எழுதிக் கேட்டதையே மறுபடியும் கேட்டார். பிரிந்துபோன உன் கணவர் மகனுக்குப் பணம் தருகிறேன் என்கிறார், வருமானம் எவ்வளவு என்று மட்டும் சொல்ல மறுக்கிறார். அவருடைய கம்பெனிக்கு போன் செய்யலாமா, பழைய வீட்டுக்கு வரும் அவருடைய வரிக் கடிதத்தைப் பிரிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கம்பெனியில் உனக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கடிதத்தைப் பிரித்தால் நாளை கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியவள் நீயாகிவிடுவாய். நீ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வருமானத்தைக் காட்ட வேண்டிய கடமை அவருடையது. குடும்பச் சட்டத்தில் இதைவிட அடிப்படையான கடமை இல்லை என்று 2015-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கடைசி மூன்று ஆண்டுகளின் வரிக் கணக்கு, அந்த ஆண்டுகளுக்கு வரித்துறை அனுப்பிய நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் (வரி மதிப்பீட்டுக் கடிதம்), இப்போதைய சம்பளச் சீட்டு. சொந்தத் தொழில் என்றால் மூன்று ஆண்டுத் தொழில் கணக்கும் சேரும். மின்னஞ்சலில் தேதியோடு கேள். அவர் முரட்டு ஆள் என்றால் வக்கீல் வழியாகக் கேள். அப்படியும் தரவில்லை என்றால் கோர்ட்டில் மனுப் போடு. மனு அவர் கைக்குப் போன 30 நாட்களுக்குள் அவர் கொடுத்தாக வேண்டும்.

எழுதிக் கேட்ட தேதி ஏன் முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் விஷயத்தில் எட்டு மாதம் ஊர்ச் செய்தி சேகரித்தேன். தக்கலையில் என் கணவரின் தம்பி கார் வாங்கினான், குலசேகரத்தில் மாமியார் மாடி கட்டினார் என்றெல்லாம் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு போனேன். வக்கீல் நோட்டைத் திறக்கவே இல்லை. "எழுத்தில் கேட்டீர்களா?" என்றார். பழைய பாக்கியைக் கணக்கிடும்போது, நீ முதலில் எப்போது கேட்டாய் என்பதைத்தான் பொதுவாகத் தொடக்கமாக எடுப்பார்கள். என் எட்டு மாதம் போனது போனதுதான்.

உன் அம்மாவுக்கு இன்னொரு கவலை. மருமகன் பாதிச் சம்பளத்தை ஊரில் வீடு கட்ட அனுப்புகிறாராம், மிச்சத்தில்தானே பேரனுக்குக் கிடைக்கும் என்கிறார். இல்லை. பிள்ளைக்குத் தர வேண்டிய தொகையைச் சொல்லும் அரசின் அட்டவணை, வரிக்கு முந்தைய மொத்த வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும்தான் பார்க்கிறது. யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பது அதில் வராது. ஊரிலிருந்து அவருக்கு வரும் ரப்பர் தோட்டப் பணமும் கடை வாடகையும் கணக்கில் சேரும். கனடாவில் குடியிருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். அந்தத் தோட்டம் யார் பெயரில் இருக்கிறது என்பதில் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து யாரும் வில்லங்கம் பார்க்கலாம். இந்தத் துப்பறியும் வேலையை மட்டும் அம்மாவிடம் விட்டுவிடு, அவருக்குப் பிடித்தமான வேலைதான்.

பங்குத்தந்தையை வைத்துப் பேசலாம் என்றும் சொன்னார். பேசட்டும், மனத்தாங்கல் குறைந்தால் நல்லது. ஆனால் சாமியாரால் சம்பளச் சீட்டு வாங்கித் தர முடியாது.

கையில் ரொக்கமாக வாங்கும் வேலை, ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று உன் கணவர் சொன்னால்? தாள்களைத் தராதவருக்கு நீதிபதியே ஒரு வருமானத்தைக் கற்பித்து, அதன்படி தொகை போடலாம். வேண்டுமென்றே குறைவாக வேலை செய்பவருக்கும் அப்படித்தான். கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளத்தை எழுதித் தரும்படி முதலாளிக்கே உத்தரவிடவும் முடியும். நீ போன் செய்தால் வாய் திறக்காத அதே கம்பெனி, கோர்ட் கேட்டால் எழுதித் தரும். உத்தரவு வந்த பிறகும் அவர் ஆண்டுதோறும் புதிய வருமானத் தாள்களை உனக்குத் தர வேண்டும்.

குடும்ப நீதிமன்றக் கட்டடத்திலேயே குடும்பச் சட்டத் தகவல் மையம் இருக்கிறது. படிவங்களை அங்கே இலவசமாக விளக்குவார்கள். உன் சம்பளச் சீட்டையும் வரிக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போ. குழந்தைக் காப்பகச் செலவை இருவர் வருமானத்தின் விகிதப்படிதான் பங்கிடுவார்கள், அதனால் உன்னிடமும் கேட்பார்கள்.

அம்மா உனக்கென்று நேந்திரங்காய் வற்றலும் மார்த்தாண்டம் தேனும் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் கொண்டு வருகிறேன். அதற்குள் அந்த மின்னஞ்சலை அனுப்பிவிட்டு நகலை எனக்கும் அனுப்பு.