வால்வு ரேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கிறது, கண்டென்சர்களை மாற்றியே ஆக வேண்டுமா?

மாற்ற வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. 1950களின் ரேடியோ, சொருகியதும் பாடியது, பின்னணியில் கொஞ்சம் உறுமல் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பாடுகிறது என்பதால் உள்ளே எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, கண்டென்சர் கசிந்துகொண்டிருக்கும்போதும் ரேடியோ பாடும், வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறிக்கொண்டே பாடும்.

சேஸிஸை, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டை, கவிழ்த்தால் மெழுகு பூசிய சின்ன உருளைகள் தெரியும். பேப்பர் கண்டென்சர்கள். காகிதம் வருடக்கணக்கில் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போயிருக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்து வந்தவை பார்க்கப் புதிதுபோல இருக்கும், பலவற்றில் உள்ளே அதே காகிதம்தான்.

இவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால், அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) ஒலி சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சரை மாற்றுவேன். பெரும்பாலும் 0.01 மைக்ரோ ஃபாரட் அளவில் இருக்கும். அதன் ஒரு முனை முந்தைய வால்வின் பிளேட்டில் (கரண்ட் வந்து சேரும் முனை), அங்கே நூறு வோல்ட்டுக்குப் பக்கமாக டிசி நிற்கும். மறுமுனையில் கிரிட், அங்கே அந்த டிசி துளியும் வரக்கூடாது. கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்றால் வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிவே அங்கே 4.7 வோல்ட்டைப் பாசிட்டிவாக ஏற்றிவிடும். இஎல்84 போன்ற வால்வுக்கு பயாஸே, அதாவது கரண்டை அளவோடு வைக்கும் கிரிட் வோல்ட்டேஜே, சுமார் மைனஸ் 7 வோல்ட்தான், அப்புறம் என்ன ஆகும்? வால்வு கரண்டை இழுத்துத் தள்ளும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஒருநாள் எரிந்து அறுந்துபோகும். அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி அலைவதோடு ஒப்பிட்டால் கண்டென்சர் விலை ஒரு பொருட்டே இல்லை.

மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்து இந்தக் கசிவைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான், அதில் கண்டென்சர் யோக்கியமாக நடந்துகொள்ளும். கிரிட் பக்க முனையை மட்டும் கழற்றி, அதற்கும் சேஸிஸுக்கும் இடையே டிசி வோல்ட்டில் மீட்டரை மாட்டிவிட்டு ரேடியோவைப் போடுங்கள். வால்வுகள் சூடாகும்போது முள் ஒருமுறை துள்ளிப் பூஜ்யத்துக்குத் திரும்பினால் சரி. பாசிட்டிவில் ஏதாவது நிலையாக நின்றால் அது கசிகிறது.

மாற்றாக 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம் வகை போதும். ஆடியோவுக்கென்று தங்க முலாம் பூசி விற்பதெல்லாம் வேண்டாம்.

உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் (ஃபில்டர்) கண்டென்சர் காய்ந்துபோனது. 8 மைக்ரோ ஃபாரட்டுக்கு 10, 16-க்கு 22 என்று 450 வோல்ட்டில் போடலாம். உறுமல் குறையட்டும் என்று ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரை அடுத்துள்ள முதல் கண்டென்சருக்கு 100 மைக்ரோ ஃபாரட் போட்டுவிடாதீர்கள், இஇசட்80 வால்வு தாங்குவதே 50 வரைதான், சில வால்வுகளுக்கு இன்னும் குறைவு. பழைய அலுமினிய டப்பாவை அழகுக்காக மேலே விட்டுவைக்கலாம், ஆனால் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள், புதியதைப் பக்கத்தில் இணைத்துப் பழையதையும் சர்க்யூட்டில் விட்டுவைப்பது வேலைக்கு ஆகாது. நெகட்டிவ் முனை எப்போதும் சேஸிஸுக்குத்தான் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். சில செட்களில் பயாஸுக்காக நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பழையது எங்கே இருந்ததோ அங்கேயே புதியதும்.

மெயின்ஸ் இரண்டு ஒயர்களுக்கு நடுவே இருக்கும் கண்டென்சருக்கு எக்ஸ்2, மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போவதற்கு ஒய்2 என்ற பாதுகாப்பு வகைகளைப் போடுங்கள், இதில் கஞ்சத்தனம் கூடாது. மைக்கா, செராமிக் இரண்டையும் தொடாதீர்கள். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், டியூனிங் பகுதியில் இருப்பதைக் கிளறினால் அலைன்மென்ட் (ஸ்டேஷன் பிடிக்கும் ஒழுங்கு) வேறு கலைந்துபோகும்.

கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கண்டென்சரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டு மீட்டரில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள், 250 வோல்ட் சும்மா விடாது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட் என்றால் சேஸிஸிலேயே மெயின்ஸ் இருக்கலாம், செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறந்து வேலை செய்யாதீர்கள்.

ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். மொத்தமாகப் பிடுங்கிப் போட்டால் எங்கே தப்பாக இணைத்தோம் என்று தேடவே நேரம் போய்விடும். பழைய கண்டென்சரில் எம்எம்எஃப் என்றிருந்தால் அது பிகோ ஃபாரட், எம்எஃப்டி என்றால் மைக்ரோ ஃபாரட்.