கிண்ணத்தில் ஓடும் முயல்: வெட்டியதா, வார்த்ததா?

கேள்வி: துபாயில் ஒரு பழம்பொருள் கடையில், ஓடும் முயல்கள் புடைத்து நிற்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் காட்டி, 10ஆம் நூற்றாண்டு ஈரானியப் பொருள் என்றார்கள். வாங்குவதற்கு முன் நானே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்?

பதில்: முதலில் கிண்ணத்தின் உட்புறத்தில், வெளியே முயல் இருக்கும் இடத்துக்கு நேராக விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முயலின் வடிவிலேயே பள்ளம் தட்டுப்பட்டால், அது அச்சுக்குள் ஊதி எடுத்த கலம். வெட்டு வேலை அன்று. 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை ஈரான், ஈராக், எகிப்து நாடுகளில் புடைப்பு வெட்டு வேலை செய்தவர்கள், தடித்த சுவருள்ள கலத்தை ஊதி ஆறவைத்த பின், சுழலும் சக்கரத்தில் குருந்தம் போன்ற கடினமான பொடியை நீருடன் இட்டு, உருவத்தைச் சுற்றியிருந்த கண்ணாடி முழுவதையும் தேய்த்து நீக்கினார்கள். ஆகவே உட்புறம் வழவழப்பாகவே இருக்கும். (ஆங்கிலத்தின் 'கொரண்டம்' நம் குருந்தத்திலிருந்து போன சொல்தான்.)

அழுத்தி வார்த்த இக்காலக் கண்ணாடியின் உட்புறமும் வழவழப்பாக இருக்கும் என்பதால், அடுத்து 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் முயலைச் சுற்றியுள்ள தளத்தைப் பாருங்கள். சக்கரம் பட்ட தளம் சற்றே மேடுபள்ளமாக, ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்களோடு இருக்கும். வார்ப்பில் ஓரங்கள் மழுங்கியிருக்கும். அமிலத்தால் அரித்த தளம் எங்கும் ஒரே சீராக மங்கியிருக்கும். நல்ல வேலைப்பாடு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க, அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த கூஜாவின் படங்களைப் பாருங்கள்: நிறமற்ற கண்ணாடிமேல் போர்த்திய பச்சைப் படலத்தைப் பெரும்பாலும் தேய்த்தெடுத்து, விலங்கைத் தாக்கும் வேட்டைப் பறவையை மெல்லிய பச்சைக் கோடுகளாக மட்டும் விட்டிருக்கிறார்கள். உங்கள் முயலோடு ஒப்பிட, வெனிஸ் நகரின் சான் மார்க்கோ பேராலயக் கருவூலத்தில் உள்ள நீலப்பச்சைக் கிண்ணத்தில் ஐந்து முயல்கள் ஓடுகின்றன.

இன்றும் சக்கரத்தில் வெட்டலாம் என்பதால் கீறல்கள் மட்டும் வயதைச் சொல்லிவிடா. மண்ணில் கிடந்த கண்ணாடியில் வானவில் நிறப் படலம் வெட்டுப் பள்ளங்களுக்குள்ளும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அதைத் தயவுசெய்து கழுவவோ துடைக்கவோ வேண்டாம். படலம் உரிந்தால் வயதுக்கான சான்றும் அதனுடன் போய்விடும்.

இவை அனைத்தும் பொருந்தினாலும், பண்பாட்டுப் பொருள்களின் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே அது தோன்றிய நாட்டைவிட்டு வெளியேறியது என்பதற்கோ, பின்னர் முறைப்படி அனுமதி பெற்று ஏற்றுமதியானது என்பதற்கோ ஆவணம் காட்டாத கடையில் வாங்காதீர்கள்.