42 வயதில் ஜியு-ஜிட்சு கற்கலாமா?

கேள்வி: அபுதாபியில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். வயது 42. என் மகன் பயிலும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூடத்தில் பெரியவர்களுக்கும் மாலை வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு இரண்டாவது மாதமே நின்றுவிடுவது என் வழக்கம். இந்தக் கலையால் உடலுக்கு உண்மையில் என்ன நன்மை? இந்த வயதில் சேரலாமா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

பதில்: சேரலாம். இந்த விளையாட்டின் சர்வதேசப் போட்டிகளில் 30 வயதிலிருந்தே ‘மாஸ்டர்’ பிரிவுகள் தனியாக நடக்கின்றன என்பதால், உங்கள் வயதுக்காரர்கள் அங்கே அபூர்வமானவர்கள் அல்லர். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த ரத்த அழுத்தம்தான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதா 1914-இல் பிரேசில் சென்று, பின்னர் பெலெம் நகரில் தங்கிக் கற்பித்தார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஹெலியோவும் அதை ரியோ டி ஜெனிரோவில் தரைச் சண்டைக் கலையாக வளர்த்தெடுத்தனர். ஹெலியோ மெலிந்த உடல்வாகு கொண்டவர். எதிராளியின் பலத்தோடு நேருக்கு நேர் மோதாமல் நெம்புவிசையாலும் கோணத்தாலும் சமாளிக்கும் முறைகளுக்கே அவர் முதலிடம் தந்தார். ஆகவே இதில் குத்தும் உதையும் கிடையாது. பிடிப்பதிலும் புரள்வதிலும் அழுத்துவதிலும் விடுவித்துக்கொள்வதிலுமே வகுப்பு கழிகிறது. குத்துச்சண்டையைப் போலத் தலையில் அடி வாங்கிப் பழக வேண்டியதில்லை என்பதே நடுத்தர வயதினருக்கு ஒரு பெரிய லாபம்.

உங்களைவிட 15 கிலோ கூடுதலான ஒருவர், மல்லாந்து கிடக்கும் உங்கள் மார்பின் குறுக்கே படுத்து அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் தள்ளினால் அவர் அசைய மாட்டார். உங்கள் கைதான் ஓயும். பாதங்களை இடுப்புக்கு அருகில் இழுத்து ஊன்றி, இடுப்பை மேலே எழுப்பி, அவர் எடை ஒரு கணம் இடம் மாறும்போது பக்கவாட்டில் திரும்பி, இடுப்பைப் பின்னுக்கு நழுவவிட்டு, கிடைத்த இடைவெளியில் முழங்காலை நுழைக்க வேண்டும். பின்தொடை, பிட்டத் தசைகள், அடிவயிறு, முதுகின் பக்கத் தசைகள் ஆகிய அனைத்தும் இதில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. நாள் முழுதும் நாற்காலியில் உட்காருபவருக்கு முதலில் இறுகிப்போவது இடுப்புதான் என்பதால், இந்த ஒரு அசைவே உங்களுக்கு நல்ல மருந்து.

வகுப்பின் கடைசியில் ‘ரோலிங்’ எனப்படும் பயிற்சிச் சண்டை நடக்கும். அதில் சில விநாடிகள் வேகம், பிறகு இறுகப் பிடித்து நிற்றல், மறுபடியும் வேகம் என்று உழைப்பு விட்டுவிட்டு வருவதால், இதயமும் நுரையீரலும் இடைவெளிப் பயிற்சி செய்த பலனைப் பெறுகின்றன. கணக்காளராகிய உங்களுக்கு ஒரு கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மணி நேர வகுப்பில் ரோலிங் 25 நிமிடம் என்றால், இரண்டு வகுப்புகளில் 50 நிமிடக் கடும் உழைப்பு கிடைக்கிறது. உத்திகளைப் பழகும் நேரம் மிதமான கணக்கில் சேர்கிறது. ஒரு நாள் வேக நடையையும் சேர்த்துக்கொண்டால் பற்றாக்குறை இராது.

பிடிவலு அடுத்த நன்மை. எதிராளியின் சீருடைக் கழுத்துப்பட்டியையும் கைமடிப்பையும் விடாமல் பற்றி நிற்பதால், தொடக்க நாட்களில் வகுப்பு முடிந்ததும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கவே விரல்கள் மறுக்கும். 17 நாடுகளில் நடத்தப்பட்டு 2015-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, பிடிவலு குறைந்தவர்களிடம் இதய நோயும் இறப்பும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதற்காகப் பிடியை வளர்த்தால் ஆயுள் கூடும் என்று அர்த்தமில்லை. மொத்த உடல் வலுவை அளந்து காட்டும் ஒரு அடையாளம் அது, அவ்வளவே.

இதில் கிடைக்காததையும் சொல்ல வேண்டும். கீழே இருந்து கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் ‘கார்ட்’ நிலையில் முதுகு முன்னோக்கி வளைந்தே இருக்கும். அலுவலகத்திலும் அதே கூன்தான். எனவே முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளைத் தனியாகச் செய்யாவிட்டால் தோள்கள் மேலும் முன்னே விழும்.

இனி ரத்த அழுத்தம். மூச்சை அடக்கிக்கொண்டு தசையை இறுக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும். புதியவர்கள் எல்லோரும் செய்வது அதைத்தான். கழுத்தை நெரிக்கும் ‘சோக்’ பிடிகளோ மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களின் மேல் அழுத்துகின்றன. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகே சேருங்கள், பயிற்சியாளரிடமும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். பிடி விழுந்ததும் ‘விட்டுவிடு’ என்பதற்கு அடையாளமாக எதிராளியை இருமுறை தட்டிவிடுங்கள். தட்டுவது தோல்வியல்ல என்பதை 20 வயதுக்காரர்களைவிட உங்களால் எளிதாக ஏற்க முடியும். முழங்கால் தசைநார்களைப் பதம் பார்க்கும் குதிகால் முறுக்குப் பிடிகளின் பக்கமே போக வேண்டாம்.

ஜிம்மில் நிலைக்காத நீங்கள் இங்கே நிலைப்பீர்களா என்றால், வாய்ப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். தப்பிக்கும் வழியை யோசிக்கும் மனம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். குழந்தை பிறந்து எட்டு மாதமாகிறது. எடை குறைக்க ஜியு-ஜிட்சு வகுப்பில் சேரலாமா?

பதில்: எடை மட்டுமே நோக்கமென்றால் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வகுப்பு முடிந்ததும் வரும் பசி, எரித்த கலோரிகளை அதே இரவில் திருப்பிக் கொடுத்துவிடும். எடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் தட்டுதான். வலுவுக்காகவும் உற்சாகத்துக்காகவும் என்றால் தாராளமாகச் சேரலாம். அதற்கு முன் இடுப்புத்தளத் தசைகளைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால் ரோலிங்கைத் தள்ளிப்போட்டு, உத்திகளை மட்டும் பழகலாம். பெண்கள் வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மெத்தை விரிப்பில் பலருடைய வியர்வையும் படிவதால் படர்தாமரை தொற்றுவது அங்கே சகஜம். வீடு திரும்பியதும் குளித்து, சீருடையைத் துவைக்கப் போட்ட பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.